கோஃபர், ஜெமினி, ட்விட்டெக்ஸ்ட்: எழுத்து மட்டும் உள்ள இணையம் எப்படி இன்னும் ஓடுகிறது?

கேள்வி இது: "கோஃபர் 90-களிலேயே ஒழிந்துவிட்டது என்று படித்தேன். ஆனால் கோஃபர், ஜெமினி, ட்விட்டெக்ஸ்ட் என்று எழுத்து மட்டுமே உள்ள இணையத்தில் இன்னும் சிலர் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். யார் இவர்கள்? வெறும் பழைய நினைப்பா, உண்மையிலேயே பயன் உண்டா? தமிழில் எழுத முடியுமா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே ஜெமினி என்பது கூகுளின் செயற்கை நுண்ணறிவு இல்லை. அது வெளியானது 2023 டிசம்பரில். நான் சொல்லப்போகும் ஜெமினி 2019 ஜூனில் பிறந்த ஓர் இணைய நெறிமுறை, அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள். இன்றைக்குத் தேடுபொறியில் பெயரை மட்டும் போட்டு இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பழைய நினைப்பு கொஞ்சம் உண்டுதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் எதுவும் ஓடாது. இவை பிழைத்திருப்பதற்கு நான் பார்க்கும் காரணம் அளவு. இவற்றில் எதை எடுத்தாலும், நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் ஒரு சனி ஞாயிறில் முதலிலிருந்து எழுதிவிடலாம். சர்வர் எழுதியவர் சலித்துப்போய் விலகினால் வேறொருவர் வேறொன்று எழுதுவார். பெரிய பிரவுசர் கைவிட்டால் யாரோ ஒருவர் சின்ன பிரவுசர் எழுதுவார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, முதலீட்டாளரைத் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், இதில் இருக்கும் சண்டைகள் உட்பட.

கோஃபரிலிருந்து தொடங்குகிறேன். 1991-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மக்காஹில் தலைமையில் ஒரு சிறு குழு இதை எழுதியது. வளாகத்துக்குள் தகவல் பகிர ஒரு வசதி வேண்டும் என்று ஆரம்பித்தது, இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவியது. 1993 மார்ச்சில் ஆர்எஃப்சி 1436 என்ற ஆவணமாக அதன் விதிகள் வெளியாயின. ஒரு மதியத்தில் படித்து முடித்துவிடலாம். 70-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) சர்வரைத் தொடர்புகொண்டு, வேண்டியதன் பெயரை ஒரு வரியில் அனுப்ப வேண்டும். சர்வர் கோப்பையோ மெனுவையோ அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வெற்று வரி அனுப்பினால் முதல் மெனு வரும். மெனுவில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு குறி: 0 என்றால் எழுத்துக் கோப்பு, 1 என்றால் இன்னொரு மெனு, 7 என்றால் தேடல். அதன்பின் திரையில் காட்ட வேண்டிய பெயர், கோப்பின் இடம், சர்வர், போர்ட் எல்லாம் டேப் போட்டுப் பிரித்திருக்கும். குக்கி கிடையாது, ஸ்கிரிப்ட் கிடையாது. எந்த பிரவுசரிலிருந்து வருகிறோம் என்று சொல்வதற்குக்கூட அதில் இடம் கிடையாது.

அது தோற்ற கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1993-ன் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் சர்வர் மென்பொருளுக்குச் சிலரிடம் உரிமக் கட்டணம் வாங்கப் போவதாகச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகம் வலையின் (வேர்ல்ட் வைட் வெப்) மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகப் பொதுவில் விட்டது. மொசைக் பிரவுசரும் அந்த ஆண்டுதான் வந்தது. கட்டணம்தான் கோஃபரைக் கொன்றது என்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வாக்கியத்துக்கு நடுவே லிங்க் வைக்க முடியாத, மெனு மெனுவாக இறங்கிப் போக வேண்டிய ஓர் அமைப்பு, படத்தோடு வந்த பக்கத்துக்கு முன்னால் எப்படியும் அதிக நாள் நின்றிருக்காது. 2000-ல் பல்கலைக்கழகம் தன் கோஃபர் மென்பொருளை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் விட்டபோது ஊரே காலியாகிவிட்டிருந்தது. 2002-ல் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததை அடுத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் கோஃபர் நிறுத்தப்பட்டது. 2011-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-லும் அது இல்லை.

நீங்கள் கேட்ட "இவர்கள்" இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறார்கள். கேமரன் கைசர் என்ற அமெரிக்கர் ஃப்ளட்கேப் என்ற பெயரில் ஒரு கோஃபர் சர்வரை 90-களின் இறுதியிலிருந்து நடத்திவருகிறார். சர்வர் மென்பொருளையும் பெர்ல் மொழியில் அவரே எழுதிக்கொண்டார். ஃபயர்ஃபாக்ஸ் கைவிட்டபோது ஓவர்பைட் என்ற பிரவுசர் நீட்சியால் அந்த இடத்தை நிரப்பினார். 2017-ல் ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தியது. புதிய வகை நீட்சிகளால் நேரடியாக ஒரு சர்வரோடு பேச முடியாது. மனிதர் விடவில்லை. கணினியில் தனியாக ஒரு குட்டி நிரலை நிறுவி, நீட்சி அதன் வழியாகப் பேசும்படி திரும்ப எழுதினார். 1992-ல் நெவாடா பல்கலைக்கழகத்தில் உருவான வெரோனிகா என்ற கோஃபர் தேடுபொறி மறைந்துபோனதால், வெரோனிகா-2 என்று ஒன்றை அவரே நடத்துகிறார். அதன் கணக்குப்படி இன்றைக்கு உயிரோடு இருக்கும் கோஃபர் சர்வர்கள் சில நூறு. கேட்கச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பல வருடமாக அது அந்த அளவிலேயே நிற்கிறது, பூஜ்யத்தை நோக்கிப் போகவில்லை. எழுத்து மட்டும் காட்டும் லின்க்ஸ் பிரவுசரும், கோப்புகளை இறக்க உதவும் கர்ல் கருவியும் இன்றும் கோஃபர் பேசுகின்றன. விதிகள் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அந்த ஆதரவை வைத்திருப்பதில் யாருக்கும் பெரிய செலவில்லை.

சர்வர் நடத்தத் தெரியாதவர்கள் எங்கே எழுதுகிறார்கள்? பொதுக் கணக்கு தரும் யூனிக்ஸ் இயந்திரங்களில். இவற்றில் மூத்தது எஸ்டிஎஃப். 1987-ல் ஓர் ஆப்பிள் 2இ கணினியில் டயல் செய்து நுழையும் அறிவிப்புப் பலகையாகத் தொடங்கியது, இன்று நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடுகிறது. கணக்கு வாங்கினால் கட்டளை தட்ட ஒரு ஷெல், கோப்பு வைக்க ஒரு முகப்பு அடைவு, கோஃபரில் எழுத ஓர் இடம் எல்லாம் கிடைக்கும். 2014 அக்டோபரில் எழுத்தாளர் பால் ஃபோர்ட் ட்விட்டரில் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து டில்டே.கிளப் பிறந்தது. வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு மலிவான சர்வர், அதில் ஆளுக்கொரு கணக்கு. சில நாட்களிலேயே இடம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்து அதே மாதிரி டஜன் கணக்கில் டில்டே சர்வர்கள் முளைத்தன. வலையை வெறுத்து ஓடிவந்தவர்கள் இவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானோர் பகலில் அதே வலைக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள். அலுவலகத்தில் நூறு பேர் சேர்ந்து கட்டிய ஒன்றின் ஒரு மூலையை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு, முழுதாகத் தலைக்குள் அடங்குகிற ஒன்றைக் கையில் எடுக்கும்போது வருகிற திருப்தி தனி. மீதிப் பேரில் பழைய கணினி சேகரிப்பவர்கள், நூலகத் துறையில் இருப்பவர்கள், ஹாம் ரேடியோக்காரர்கள், கதை எழுதுகிறவர்கள் எல்லாம் உண்டு.

ஜெமினியும் இந்த மாதிரி இடத்தில்தான் பிறந்தது. சோல்டர்பங்க் என்ற புனைபெயரில் கோஃபரில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர், கோஃபரின் குறைகளைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் வலையாக மாறிவிடவும் கூடாது என்று யோசித்து 2019-ல் முதல் வரைவை வெளியிட்டார். போர்ட் எண் 1965. நாசாவின் ஜெமினி விண்கலத்தில் மனிதர்கள் முதன்முதலாகப் பறந்த ஆண்டு அது. தளங்களைக் கேப்ஸ்யூல் என்று அழைப்பதும் அந்த வழியில்தான்.

இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். உங்கள் பிரவுசர், நடுவில் யாரும் படிக்காதபடி பூட்டும் டிஎல்எஸ் குறியாக்கத்தோடு சர்வரைத் தொடர்புகொண்டு முழு முகவரியை ஒரே வரியில் அனுப்பும். அந்த முகவரி 1024 பைட்டைத் தாண்டக் கூடாது. பதிலின் முதல் வரியில் இரண்டு இலக்க எண். 20 என்றால் இந்தா பக்கம், 31 என்றால் வேறு இடத்துக்குப் போ, 51 என்றால் அப்படி ஒன்று இல்லை, 10 என்றால் பயனரிடம் ஏதோ கேட்க வேண்டும், 60 என்றால் சான்றிதழ் காட்டு. எண்ணுக்குப் பக்கத்தில் கோப்பின் வகை. அடுத்த வரியிலிருந்து உள்ளடக்கம். பக்கம் எழுதும் முறையும் வரிக்கணக்குதான்: => என்று தொடங்கினால் அந்த வரி லிங்க், # என்றால் தலைப்பு, > என்றால் மேற்கோள். எழுத்துருவை, நிறத்தை, அகலத்தை எழுதியவர் தீர்மானிக்க முடியாது. வாசிப்பவர் தன் கண்ணுக்கு எது வசதியோ அப்படி வைத்துக்கொள்வார். உபயோகிக்கும்படியான ஒரு பிரவுசரை நூறு வரிக்குள் எழுதலாம் என்பதை ஓர் இலக்காகவே வைத்துக்கொண்டு, அப்படி ஒன்றை எழுதியும் காட்டினார் சோல்டர்பங்க்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, இதைப் பிற்பாடு நீட்டுவதற்கு இடமே விடாதது. வலையின் ஹெச்டிடிபியில் யார் வேண்டுமானாலும் புதிதாக ஒரு தலைப்பு வரியைச் சேர்த்துவிடலாம். குக்கி அப்படி 1994-ல் நெட்ஸ்கேப்பில் நுழைந்ததுதான். பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அப்பாவி வரி பிற்காலத்தில் ஆளை அடையாளம் காணும் ரேகையானது. ஜெமினியில் கோரிக்கை என்பது முகவரி மட்டும். சேர்ப்பதற்கு மூலையே இல்லை. ஒரு பக்கம் கேட்டால் ஒரு பக்கம்தான் வரும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் நாலு விளம்பர சர்வரைக் கூப்பிடாது.

ஒருமுறை யாரோ, கேப்ஸ்யூலுக்கு அடையாளமாக ஒரு எமோஜி வைத்துக்கொள்ளலாமே, பிரவுசர் அதைத் தனிக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்று யோசனை சொன்னார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. உள்ளே பெரிய வாக்குவாதம் நடந்தது. பயனர் கேட்காத ஒரு கோரிக்கையை பிரவுசர் தானாக அனுப்பும் முதல் நிகழ்வு அதுதான் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஆம்ஃபோரா என்ற பிரவுசர் அந்த வசதியைச் சேர்த்துவிட்டுப் பின்னர் எடுத்தே விட்டது. ஓர் எமோஜிக்கு இவ்வளவா என்று அப்போது சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது. வலையில் இன்றைக்கு ஒரு பக்கத்தின் எடை நடுத்தரமாகவே 2 எம்பியைத் தாண்டுகிறது. அதில் ஒவ்வொரு துண்டும் ஒரு காலத்தில் இதே மாதிரி "சின்ன வசதி" என்று வந்ததுதான்.

ஜெமினியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கர்ல் கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் 2023-ல் இதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கறாராக விமர்சித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக ஒரு டிஎல்எஸ் இணைப்பு வேண்டும், வரப்போகும் கோப்பு எவ்வளவு பெரியது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இரண்டும் சரியான குற்றச்சாட்டுகளே. எனக்கு இன்னொன்றும் உறுத்தும். டிஎல்எஸ் கட்டாயம் என்றதும் "ஒரே ஆள் முழுதாக எழுதிவிடலாம்" என்ற பெருமையில் ஓட்டை விழுந்துவிடுகிறது. டிஎல்எஸ் நூலகத்தை யாரும் சனி ஞாயிறில் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஒரு டாஸ் கணினியையோ காமடோர் 64-ஐயோ வைத்துக்கொண்டு கோஃபரில் உலாவலாம், ஜெமினியில் தடுமாறிப் போகும். இந்தக் குறையைப் பார்த்து மைக்கேல் லாசர் 2021-ல் ஸ்பார்ட்டன் என்று குறியாக்கமே இல்லாத ஒரு தம்பியை உருவாக்கினார், போர்ட் 300. பழைய கதையின் முன்னூறு ஸ்பார்ட்டா வீரர்களை நினைவுபடுத்தும் பேர்.

சரி, குறும்பதிவுக்கு வருவோம். ட்விட்டர்தான் இதைத் தொடங்கியது என்று நினைக்கிறோம். ஆனால் 1971-லேயே ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் ஃபிங்கர் என்ற நிரலை எழுதிவிட்டார். யார் இப்போது கணினியில் இருக்கிறார்கள், இல்லையென்றால் எப்போது வருவார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக எழுதியது அது. அதோடு ஒட்டிக்கொண்டு பிளான் என்ற ஒரு கோப்பும் வந்தது. உங்கள் அடைவில் அதில் எதை எழுதி வைத்தாலும், உங்களை விசாரிப்பவருக்கு அது காட்டப்படும். "வெளியூர் போகிறேன், திங்கள் வருவேன்" என்பதற்காக வந்த கோப்பில் மக்கள் கவிதை எழுதினார்கள், சண்டை போட்டார்கள். 1977-ல் இது ஓர் ஆர்எஃப்சி ஆனது, போர்ட் 79. 1988 நவம்பரில் மோரிஸ் புழு இணையத்தையே முடக்கியபோது அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் சர்வரின் ஓட்டை. அதற்கப்புறம் பல நிறுவனங்கள் இதை மூடிவிட்டன. ஆனாலும் 90-களில் டூம், குவேக் விளையாட்டுகளை எழுதிய ஜான் கார்மாக் தன் பிளான் கோப்பில் அன்றாடம் செய்த வேலையை எழுத, ரசிகர்கள் அதைப் போய்ப் போய்ப் படித்தார்கள். டில்டே சர்வர்களில் இன்றும் ஃபிங்கர் ஓடுகிறது.

ட்விட்டெக்ஸ்ட் இந்தப் பரம்பரையில் வந்தது. 2016-ல் பக்கெட் என்ற புனைபெயர் கொண்ட ஜெர்மானியர் ஒருவர் வெளியிட்டார். வீட்டு வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி எழுதி வைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு எழுத்துக் கோப்பு. ஒரு பதிவுக்கு ஒரு வரி: முதலில் தேதியும் நேரமும், நம்மூர் நேரமென்றால் கடைசியில் +05:30, அப்புறம் ஒரு டேப், அப்புறம் சொல்ல வந்தது. அந்தக் கோப்பை ஏதாவது ஒரு சாதாரண வலை சர்வரில் போட்டுவிட்டால் நீங்கள் குறும்பதிவர். யாரைப் பின்தொடர வேண்டுமோ அவர்களுடைய கோப்பின் முகவரிகளை உங்கள் நிரலிடம் கொடுத்தால், அது எல்லாவற்றையும் இறக்கி, நேரப்படி அடுக்கிக் காட்டும். ட்விட்டருக்கு மாற்றான மாஸ்டடானுக்கு ஒரு சர்வர் வைக்க போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்ற தரவுத்தளங்கள், பின்னணியில் ஓடும் வேலையாட்கள் என்று ஒரு பட்டாளமே தேவை. இதற்கு ஒரு கோப்பு.

உங்களை யார் பின்தொடர்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் கோப்பை இறக்கும்போது, பிரவுசர் தன் பெயரைச் சொல்லும் அந்த வரி இருக்கிறதே, அதில் நிரல் தன் சொந்தக்காரரின் பெயரையும் அவருடைய கோப்பின் முகவரியையும் எழுதிவிட்டுப் போகும். உங்கள் சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் வந்து போனவர்கள் பெயர் இருக்கும். சொல்ல விரும்பாதவர் அந்த வசதியை அணைத்துவிடலாம். வேவு பார்க்கப் பயன்பட்ட அதே வரி இங்கே அறிமுக அட்டையாகிவிட்டது.

இங்கேயும் சிறியதாக இருப்பதற்கும் பெரியதாக ஆசைப்படுவதற்கும் இழுபறி உண்டு. 2020-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் மில்ஸ் இதன்மேல் யார்ன் என்ற வலைச் செயலியைக் கட்டினார். வலைப் பக்கத்திலேயே எழுதலாம், படம் போடலாம், உரையாடலாம். உரையாடல் வேண்டுமென்றால் எந்தப் பதிவுக்கு இது பதில் என்று சொல்ல ஓர் அடையாளம் தேவை. கோப்பின் முகவரி, நேரம், எழுத்து மூன்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் (எழுத்தின் கைரேகை மாதிரி ஒரு குறி) கணக்கிட்டு அதன் சில எழுத்துகளை அடையாளமாக வைத்தார்கள். வேலை செய்தது. ஆனால் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் ஹாஷ் மாறிவிடும், அதற்கு வந்த பதில்கள் எல்லாம் அநாதையாகத் தொங்கும். பழைய நிரலில் படிப்பவருக்கோ பதிவுகளின் முன்னால் புரியாத எழுத்துகள் தெரியும். ஒரு வரிக்கு ஒரு பதிவு என்ற விதியைத் தாண்ட, யூனிகோடின் ஒரு விசேஷ வரிமுறிவுக் குறியைப் பயன்படுத்தினார்கள். கோப்பு பெரிதாகிக்கொண்டே போனால் பழையதை வெட்டி வேறு கோப்பில் வைக்கவும் ஒரு நீட்சி. ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், மூலத்தில் இருந்த "ஷெல் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாம்" என்ற சுகம் கணிசமாகக் குறைந்துவிட்டது. அதேசமயம், யார்ன் வராமல் இருந்திருந்தால் ட்விட்டெக்ஸ்டில் இன்றைக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இருந்திருப்பார்களா என்பதும் சந்தேகம். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெமினிக்குள்ளும் குறும்பதிவு உண்டு. ஸ்டேஷன் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் பிரவுசர் உருவாக்கும் சான்றிதழ்தான் அங்கே கணக்கு. மின்னஞ்சல், கடவுச்சொல் எதுவும் கேட்காது. டைனிலாக் என்பது இன்னும் எளிது: ஒரே பக்கம், தேதியும் நேரமும் தலைப்பாக, கீழே நாலு வரி. நீளமாக எழுதுபவர்கள் பக்கத்தில் தேதியோடு தொடங்கும் லிங்க்குகளை வரிசையாகப் போட்டுவிட்டால் போதும், அதையே ஓடையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. புதுப் பதிவுகளைத் தெரிவிக்கத் தனியாக ஆர்எஸ்எஸ் கோப்பு செய்ய வேண்டாம். லைக் கிடையாது. ஒருவர் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், உங்கள் கேப்ஸ்யூலில் அதைச் சுட்டி ஒரு பதிவு எழுதுவீர்கள், அல்லது அவருக்கு மின்னஞ்சல் போடுவீர்கள். அதனால் பேச்சு மெதுவாக நடக்கும். சில சமயம் நடக்கவே நடக்காது.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். பத்துப் பேர் படித்தால் பெரிது. அதைத் தாங்க முடியாதவருக்கு இது சரிப்படாது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கூகுள் ரீடரை 2013-லும் கூகுள் பிளஸ்ஸை 2019-லும் மூடினார்கள். ட்விட்டர் 2023 ஜனவரியில் வெளியார் செயலிகளை ஒரே வாரத்தில் வெட்டிவிட்டது. நம் பக்கத்தில் கூ இருந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எழுத வந்த குறும்பதிவுத் தளம். வாங்க ஆள் தேடி, கிடைக்காமல், 2024 ஜூலையில் மூடுவதாக அறிவித்தார்கள். ட்விட்டெக்ஸ்ட் கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது. சர்வர் போனால் வேறு இடத்தில் ஏற்றிவிட்டு, படிப்பவர்களிடம் புது முகவரியைச் சொல்ல வேண்டியதுதான் வேலை. எழுதியது எதுவும் போகாது.

கடைசியாகத் தமிழ். எழுதலாம், ஆனால் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது.

கோஃபரின் விதிகளில் எழுத்துக் குறியாக்கத்தை (எந்த எண் எந்த எழுத்து என்ற கணக்கை) அறிவிக்கவே வழியில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய மொழிகளும்தான் மனதில் இருந்தன. இன்றைய நிரல்கள் பெரும்பாலும் எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்கின்றன, ஆகவே தமிழ் வந்து சேர்ந்துவிடும். தொல்லை காட்சியில்தான். கோஃபர்காரர்கள் எழுபது எழுத்துக்கு ஒருமுறை வரியை வெட்டி, கட்டம் போட்ட தாளில் எழுதுவதுபோல் சம அகலத்தில் எழுதுவார்கள். 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலத்தில் அடங்குமா? மேலும், இதையெல்லாம் டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் படிப்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலான டெர்மினல்கள் ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் தொங்கவிடும், 'கொ'வை உடைத்துப்போடும். எம்எல்டெர்ம் போன்ற ஒன்றிரண்டுதான் பரவாயில்லை.

ஜெமினி இந்த விஷயத்தில் நமக்கு நல்ல நண்பன். யூடிஎஃப்-8 அதன் இயல்பு. பக்கம் தமிழில் இருக்கிறது என்று பதிலின் முதல் வரியிலேயே மொழிக் குறியீட்டோடு அறிவிக்கலாம். ஒரு பத்தி என்பது ஒரே நீண்ட வரி, அதை மடிப்பது வாசிப்பவரின் பிரவுசர் வேலை. லாக்ராஞ்ச் என்ற பிரவுசர், ஃபின்லாந்தின் யாக்கோ கெரனென் எழுதியது, டெர்மினலுக்கு வெளியே தனிச் சாளரத்தில் ஓடும். அதில் தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நன்றாகவே படிக்கலாம்.

ஆனால் ஓர் இடத்தில் நம் மொழிக்கு உதைக்கும். ஸ்டேஷன் மாதிரி இடங்களில் நீங்கள் தட்டச்சு செய்வது முகவரியின் வாலாகத்தான் சர்வருக்குப் போகிறது, முகவரியோ 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. முகவரிக்குள் வைக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்றாக விரிந்து 63 ஆகிவிடும். சர்வர் பெயர் போக மிச்சத்தில் 110 குறியீடு வரை அடங்கும், தோராயமாக 75, 80 தமிழ் எழுத்து. அதே இடத்தில் ஆங்கிலத்தில் எழுநூறு எழுத்துக்கு மேல் எழுதலாம். வேண்டுமென்றே செய்த ஓரவஞ்சனை இல்லைதான், ஆனாலும் எரிச்சலாக இருக்கும். டைட்டன் என்ற துணை நெறிமுறை, உள்ளடக்கத்தை முகவரிக்கு வெளியே வைத்து ஏற்றுவதால் இந்தத் தொல்லை இல்லை. லாக்ராஞ்சில் அது இருக்கிறது. கெரனெனே எழுதிய பபிள் என்ற ஜெமினி விவாதக் களமும் டைட்டன் வழியாகப் பதிவை ஏற்கும். தமிழில் எழுதுவதாக இருந்தால் அந்த வழியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்விட்டெக்ஸ்ட் விதிப்படியே யூடிஎஃப்-8. கோப்பை ஏற்றும் வலை சர்வர் குறியாக்கத்தை அறிவிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிக்காவிட்டால் நிரலில் படிப்பவருக்குச் சரியாக வரும், பிரவுசரில் திறப்பவருக்கு ஜாங்கிரி பிழிந்ததுபோல் தெரியும்.

தொடங்குவதாக இருந்தால் முதலில் லாக்ராஞ்சை நிறுவிக் கொஞ்ச நாள் சும்மா வாசியுங்கள். ஜெமினி, கோஃபர், ஃபிங்கர், ஸ்பார்ட்டன் நாலையும் அது ஒன்றே திறக்கும். எழுதத் தோன்றினால், ஏற்கனவே ஒரு வலைத்தளம் வைத்திருப்பவர் ட்விட்டெக்ஸ்டிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். இல்லாதவர் எஸ்டிஎஃப்பிலோ ஏதாவது ஒரு டில்டே சர்வரிலோ கணக்குக் கேட்கலாம். சில இடங்களில் உங்களைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பச் சொல்வார்கள், பதில் வரச் சில நாள் ஆகும், ஒரு மனிதர்தான் படித்துப் பார்த்துத் திறந்துவிடுகிறார். வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பையில் சொந்த சர்வரே வைக்கலாம் என்று ஆசை வரும். நம்மூர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியாது. ரூட்டரோடு ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவதற்கு முன்னால் அதைச் சேவை தருபவரிடம் கேட்டுவிடுங்கள்.